குடமில்லாத வீதி

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாசல்ல ஒரு கொடம்கூட இருக்கக் கூடாதுங்க்கா. ட்ரம் எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சுக்கோங்க.”

கவுன்சிலர் பொற்கொடி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோமனூர்ப் பக்கத்துச் சின்ன நகராட்சி அது. பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பேட்டரி கம்பெனி ஒன்று ஊருக்கு வரலாம் என்று பேச்சு. இடம் பார்க்கக் காலையில் ஆட்கள் வருகிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் என்று தெரிந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் விடிந்ததும் குழாயைத் திறந்துவிட நகராட்சியில் ஏற்பாடு.

“தண்ணி வருமாம், ஆனா நாம புடிக்கக் கூடாதாமா?” என்று கேட்டாள் ராசாத்தாள்.

“தெனமும் தண்ணி வர்ற ஊர்ல யாருங்க்கா வரிசை கட்டிப் புடிப்பாங்க? அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்கோங்க.”

“அவங்க போனதுக்கப்பறம் தண்ணி இருக்குமா?”

அது காதில் விழாத மாதிரி பொற்கொடி அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

கடைசியில் பாவாத்தாள் வீடு. அவள் வீட்டுக்கும் பொற்கொடி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் பேச்சு வார்த்தை நின்றுபோய் ஆறேழு மாதம் இருக்கும்.

இந்த வீதிக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று காலிக் குடத்தோடு நடுரோட்டில் உட்கார்ந்தவள் பாவாத்தாள். தொட்டிக்குப் பணமும் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தைத்தான் கம்பெனிக்கு ரோடும் பைப்பும் போடத் திருப்பிவிட்டது நகராட்சி. அதற்குக் கை தூக்கியவர்களில் பொற்கொடியும் ஒருத்தி.

“நம்ம ஊர்ப் பசங்க எதிர்காலத்துக்காகத்தானுங்க” என்று மைக்கில் பேசினாள். கைதட்டல்கூடக் கிடைத்தது.

எதிர்காலமாவது ஒன்றாவது. சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள் பொற்கொடியின் மகள் மேக்னா. ஹாஸ்டல் சாப்பாடு. தீபாவளிக்கு வந்தால் உண்டு.

கண்ணை மூடினால் போதும், பொற்கொடிக்கு வீதி முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். நீலக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக மேக்னா இறங்கி, “அம்மா, பசிக்குது” என்றபடி நடந்து வருவாள். சட்னி அரைக்கும்போதும் அந்த பஸ்தான். நகராட்சிக் கூட்டத்தில் கொட்டாவி விடும்போதும் அந்த பஸ்தான்.

பாவாத்தாள் வீட்டு வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி பொற்கொடி விஷயத்தைச் சொன்னாள். பாவாத்தாள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது வீதியே வேறு ஏதோ ஊர் மாதிரி இருந்தது. எல்லாக் குழாயிலும் தண்ணீர். இளம்வெயிலில் மினுமினுத்துக்கொண்டு வாசல் வாசலாக வழிந்தது. கோழிகள் கால் நனைய நின்று குனிந்து பார்த்தன. ஒரு குடம் இல்லை, ஒரு சண்டை இல்லை. பெண்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர்கள் போல, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனவில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

பொற்கொடிக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம், என்ன செய்வது. கொல்லைப் பக்கம் ஓஸ் பைப்பை இழுத்துப் போட்டு ட்ரம், அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பினாள். பால் பாத்திரத்தைக்கூட விடவில்லை. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலுக்கு வந்து நின்றாள்.

கார் வந்தது. இறங்கிய கம்பெனி அதிகாரி அம்மாள் வேறு வீடே கிடைக்காத மாதிரி நேராகப் பாவாத்தாளிடம் போனாள்.

“ஏனுங்கம்மா, இங்க தண்ணி எப்படிங்க? ஒழுங்கா வருதுங்களா?”

 போச்சு, பஸ்ஸும் போச்சு, பிள்ளையும் போச்சு என்று நினைத்தாள் பொற்கொடி.

பாவாத்தாள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். பொற்கொடியைப் பார்த்தாள்.

“தெனமும் வருதுங்க. சில நாள் ரெண்டு நேரமும் வருதுங்க. நாங்கதான் போதும்னு கொழாய மூடிப்போடுவோம்.”

அதிகாரி அம்மாள் சிரித்தாள். “அப்பறம் என்னங்க, இங்கயே முடிச்சுரலாம்” என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினாள்.

கார் முனை திரும்பியது. குழாய்கள் இருமிவிட்டு நின்றுபோயின.

மத்தியானம் பாவாத்தாள் இரண்டு குடத்தோடு தோட்டத்துக் கிணற்றுக்குக் கிளம்பினாள். பொற்கொடி பின்னாலேயே ஓடினாள்.

“அக்கா, வெயில்ல அத்தன தூரம் போகாதீங்க. என்ற ஊட்ல தண்ணி இருக்குதுங்க.”

“தெரியும். ஓஸ் சத்தம் கேட்டுச்சு.”

பொற்கொடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“நீங்க காப்பாத்திப்போட்டீங்க்கா. நா ஊருக்காகத்தான் கை தூக்குனேன்னு இப்பவாச்சும் நம்புனீங்களே, அதே போதுங்க.”

பாவாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“மேக்னாகிட்டப் பேசி போன வெச்சதுக்கப்பறம் நீ அழுகறது, செவுத்துக்கு இந்தப் பக்கம் தெனமும் கேக்குது அம்மணி. ஊருக்காகன்னு நீ சொன்னத நம்பியிருந்தா, அந்தம்மாகிட்ட உண்மையத்தான் சொல்லியிருப்பேன்.”