உள்ளங்கை உயரத்தில்

சுவரை ஒட்டி நிற்கச் சொன்னான். நின்றாள்.

நடக்கும்போது கை எப்படி இருக்குமோ அப்படியே வைக்கச் சொன்னான். உள்ளங்கை சுவரில் படிந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

அந்தக் கோட்டைக் கட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டு போனான். குளியலறை வரை. அடுப்படி வரை. பிறகு வாசல் வரை.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். அவ்வளவுதான்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடப்பாள். வீட்டில் இருப்பது புருஷன் பெண்டாட்டி இருவர்தான்.

கம்பெனிகளுக்குத் தரை பூசுவது அவன் தொழில். எண்ணெய் சிந்தினாலும் தண்ணீர் நின்றாலும் கால் வழுக்காத தரை. பூசிய ஈரத்தில் மணலைத் தூவுவார்கள். பிடிமானம் அதில்தான் இருக்கிறது.

வெறும் பெயின்ட் கண்ணுக்கு. மணல் சேர்ந்தால் காலுக்கு.

கைக்கும் ஆகும் என்று இப்போதுதான் தோன்றியது.

மணலை யோசித்துத்தான் எடுத்தான். உடைத்த கல்மணல் பூட்ஸுக்கு நல்லது. விரலைக் கிழித்துவிடும். இவன் வாங்கி வந்தது கார்னெட். கடற்கரையில் கிடைக்கும் சிவப்பு மணல். அலை உருட்டி உருட்டி முனை மழுங்கியது. கனமும் அதிகம். டின்னில் கலந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தரையில் என்றால் மேலே வீசி மழைபோல் விழவிடலாம். சுவரில் அது நடக்காது. அள்ளி, ஈரத்தில் ஒற்ற வேண்டும். காய்ந்த பிறகு மேலே மெல்லியதாக இன்னொரு பூச்சு. கனத்துப்போனால் மணல் மூழ்கிவிடும். மெலிந்துபோனால் உதிரும்.

கோட்டின் மேல் கையகலத்துக்கு ஒரு பட்டை. நடக்க வேண்டிய இடமெல்லாம் சன்ன மணல். அடுப்புக்கு ஒரு முழம் முன்னால் பருமனான குருணை மணல். வாசல் படிக்கு முன்னாலும் குருணை.

குருணை பட்டால் நின்றுவிட வேண்டும். சொல்லித்தந்தான்.

"செவுத்துக்கு என்னத்துக்குங்க சொரசொரப்பு? எரும வந்து முதுகு சொறியவா?" என்றாள்.

சிரிக்கப் போனான். இருமல் வந்துவிட்டது.

"இந்தச் சளி ஒங்கள விடவே மாட்டேங்குது."

சளி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

டாக்டர் அவன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். பூசுவதற்கு முன்னால் பழைய தரையைத் தேய்க்கும்போது ஒரு வெள்ளைத் தூள் எழும். கையில் அள்ளும் மணல் ஒன்றும் செய்யாது. அந்தத் தூள்தான். உள்ளே போனது வெளியே வராது. போன இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகும்.

அவனுக்குப் புரிந்தது. கெட்டியாவதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எவ்வளவு நாள் என்று கேட்டான். டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்.

மறுநாள் பச்சைப் பெயின்ட் வாங்கினான்.

இரண்டு டின் கலக்கிற பெயின்ட் அது. கலந்ததும் சூடேறும். சூடேறினால் இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். யாருக்காகவும் காத்திருக்காது. பூசினால் உடனே மணலை ஒற்றிவிட வேண்டும்.

கட்டில் பக்கம் நன்றாக வந்தது.

குளியலறைத் திருப்பத்தில் மூச்சு முட்டியது. தரையில் உட்கார்ந்தான். எழுந்தபோது பூசிய இடம் ஆடை கட்டியிருந்தது. ஒற்றிய மணல் அப்படியே கீழே கொட்டியது.

விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனான்.

அடுப்படியில் இரண்டு தடவை. வாசல் பக்கம் எத்தனை என்று அவனே கவனிக்கவில்லை.

மறுநாள் மேல்பூச்சு. பூசி முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தான். இத்தனை வருஷமும் வேலையை அப்படித்தான் பார்த்துப் பழக்கம். ஒரே பச்சை. ஒரு குறை தெரியவில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"என்னப் பிடிக்காத. செவுத்தப் பிடிச்சுட்டு வா."

கட்டிலிலிருந்து எழுந்தாள். கை பட்டையைக் கண்டுபிடித்தது. ஓர் அடி. இன்னோர் அடி. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தோள் இல்லாமல் நடந்தாள்.

அவன் பின்னால் தள்ளியே நின்றான்.

குளியலறைத் திருப்பத்தில் நின்றாள்.

அங்கே குருணை இல்லை. நிற்க வேண்டிய இடமில்லை.

அவள் விரல்கள் வழவழப்பின் மேல் இருந்தன. அதன் ஓரத்தைத் தேடின. ஒரு சாண். அதற்கப்புறம் மறுபடி மணல்.

நடந்தாள்.

அடுப்படியில் நின்றாள். இரண்டு தடவை.

வாசலை நெருங்க நெருங்க நின்று நின்றுதான் போனாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசி வழவழப்பில் கையை வைத்தபடி, அங்கே யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் நின்றாள்.

"நாளைக்கு அங்கெல்லாம் மணல ஒட்டிருதேன், லீலா" என்றான்.

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

சுவரிலிருந்து கையை எடுத்தாள். காற்றில் துழாவி அவன் முதுகைக் கண்டுபிடித்தாள். தோளுக்குப் போகவில்லை அந்தக் கை. உள்ளங்கையை விரித்து முதுகில் பதித்தாள். பிறகு மெதுவாக, சுவரைத் தடவியதுபோலவே, ஓர் ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு போனாள்.

அவன் மூச்சைச் சீராக விடப் பார்த்தான்.