ஓவியாவின் காதணி விழா

தெருமுனையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் கோதண்டம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்.

'எங்கள் வீட்டு இளவரசி ஓவியாவின் காதணி விழா. அனைவரும் வருக.' ஐந்து வயதுக் குழந்தை, தலையில் கிரீடம், கண்ணில் கூலிங்கிளாஸ். ஓரத்தில் மாமன்களும் சித்தப்பாக்களும் கைகூப்பியபடி வரிசையாக.

கோதண்டத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தான் சொன்னது சரியாகப் போனால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

பம்மலில் அவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பொதுவாகச் சில கடைகள் உண்டு. அந்த வாடகையில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு உதவுவார்கள். கஷ்டம் நிஜமா பொய்யா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வது கோதண்டத்தின் பொறுப்பு.

ஓவியாவின் அம்மா மஹாலட்சுமி சில மாதங்களுக்கு முன்பு வந்து கேட்டிருந்தாள். அவள் புருஷன் ஹேமநாத் பெயின்டர். நாவலூரில் ஓர் அடுக்குமாடிக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காப்பீட்டில் வந்தது போக மீதியைக் கட்டினால்தான் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் எழுந்து நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கோதண்டம் போய்ப் பார்த்தார். படுத்துக் கிடந்தவனை ஒரு நிமிஷம் பார்த்தார். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

ஃப்ரிட்ஜ் இருந்தது. கேபிள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் போகிறது. அடுப்பில் மீன்குழம்பு வேறு.

"கஷ்டம்னு கேக்கறவங்க வூட்ல வஞ்சிரம் கொதிக்குது" என்று ஊர்க் கூட்டத்தில் வந்து சொன்னார். கொதித்தது நெத்திலி. அவர் கண்ணுக்கு அது வஞ்சிரமாகத் தெரிந்தது.

யாரும் மறுத்துப் பேசவில்லை. முதலில் வேனை நிறுத்து, கேபிளை நிறுத்து, அப்புறம் வா என்று சொல்லியனுப்பினார்கள். அவளும் இரண்டையும் நிறுத்திவிட்டு வந்து நின்றாள். ஃப்ரிட்ஜ் இன்னும் இருக்கிறதே என்றார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

இப்போது இந்த ஃப்ளெக்ஸ்.

"பாத்தியா, நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்?" என்று வீட்டுக்குப் போய் மனைவி அங்காளம்மாவிடம் ஆரம்பித்தவர், சாப்பிட்டு முடிக்கும் வரை நிறுத்தவில்லை. பந்தலுக்கும் பிரியாணிக்கும் பணம் இருக்கிறது, புருஷன் இடுப்புக்கு மட்டும் ஊர்ப் பணம் வேண்டுமா என்று அங்காளம்மாவும் சேர்ந்து பொரிந்தாள்.

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. கோதண்டத்தின் மகன் கல்யாணத்துக்கு ஹேமநாத்தின் அப்பா மொய் வைத்திருக்கிறார். திருப்பிச் செய்யாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

தெருவை அடைத்துப் பந்தல். தாய்மாமன் மடியில் ஓவியாவை உட்காரவைத்து ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது. அழுகை வெளியே கேட்காதபடி யாரோ ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைக் கூட்டினார்கள்.

பிறகு மைக்கில் மொய் ஆரம்பமானது. அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இன்றைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வைத்தார்கள். ஊரே கேட்க மைக்கில் பேர் சொல்லும்போது எவன் கையைச் சுருக்குவான்? கோதண்டம் ஐயாயிரத்தொரு ரூபாய் வைத்தார். மைக் பிடித்தவர் அதை இரண்டு தடவை சொன்னார்.

ஹேமநாத் உள்ளே கட்டிலில் கிடந்தான். பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் அவனை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. கோதண்டமும் பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவர், மஹாலட்சுமி குழந்தையைத் தோளில் போட்டபடி தனியாக நிற்பதைப் பார்த்தார். கேட்காவிட்டால் அவருக்குப் பிரியாணி செரிக்காது.

"ஆபரேஷனுக்கு இல்லைன்னு எங்களாண்ட வந்து அழுதியேம்மா. இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரல மாமா. பந்தல்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் மொய் விழுந்ததும் தரேன்னு சொல்லித்தான் வெச்சேன். அவங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் ஆஸ்பத்திரிக்கு. காலையில அவரை இட்டுகினு போறேன்."

கோதண்டம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"புருஷன் படுத்துக் கெடக்கறாருன்னு ஒவ்வொரு வூடா ஏறி எறங்கினேன். யாரும் குடுக்கல. விசேஷம்னதும் எல்லாரும் அவங்களா வந்து வெச்சிட்டாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் கோதண்டத்தைக் குத்தியது. வந்த வழியே போயிருக்கலாம். ஆனால் குறை கண்டுபிடித்துப் பழகிய வாய் சும்மா இருக்காதே.

"அப்ப இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல? மாசக்கணக்கா அவனை இப்படியே போட்டு வெச்சிருக்கியே. இனிமே அவன் நடப்பானா, இன்னா பொம்பள நீ?"

அழுது அழுது தோளிலேயே தூங்கிப் போயிருந்த ஓவியாவை மஹாலட்சுமி மெதுவாக மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இவளுக்குப் போன வருஷமே யாருக்கும் சொல்லாம கோயில்ல காது குத்திட்டோம் மாமா. அந்த ஓட்டை தூந்து போற வரைக்கும் காத்துகினு இருக்க வேண்டியதாப் போச்சு."