எல்லா உறுப்பினருக்கும் ஓர் எச்சரிக்கை

சிப், சாஃப்ட்வேர் நிறுவனங்களின் வட்டாரச் சங்க அறையில் அன்று இருந்தவர்கள்: சங்கத் தலைவி, செயலாளர், எங்கள் குடும்பச் சிப் நிறுவனத்தின் சார்பில் என் மகன், நான்.

“உங்க சிப் சூடானா நின்னுபோகுது,” என்றார் தலைவி.

“ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல மறைச்சிடலாம், மேடம்,” என்று கடைசிச் சொல்லை அழுத்தினான் மகன்.

“அது போறது மூச்சுக் கருவிக்கு. யாராவது செத்தா நீங்களா பதில் சொல்வீங்க? எல்லா உறுப்பினருக்கும் எச்சரிக்கை அனுப்பணும். அதுதான் சங்க விதி.”

நான் எழுந்தேன். “எங்க குடும்பப் பேரைச் சந்தி சிரிக்க வச்சிடாதேம்மா.”

“மன்னிச்சிடுங்க.” செயலாளரிடம் விடாமல் தலைவியே எச்சரிக்கையை அனுப்பினார். அந்த வாரமே எங்கள் ஆர்டர்கள் எல்லாம் ரத்தாயின.

யாரோ வெளியாள் ஒருத்தி எங்கள் மானத்தை வாங்கிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் என் மூத்த மகள். மானம் போகவும் இல்லை.