வெள்ளைமுடிக்காரன் வந்தானா

தூக்குவாளியைத் திறந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

மூன்றாவது மாடிக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. காற்று நாலு பக்கமும் வந்து போனது. செங்கல் அடுக்கின் நிழலில் பாக்கியம் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ம், சொல்லுக்கா. வெள்ளைமுடிக்காரன் வந்தானா, இல்லையா?"

ஜப்பான்காரன் பொம்மைப் படம். பெரிய பெரிய கண். வாள், பனி, ரத்தம். கதை சொல்கிறவளின் மகன் வெளியூர் வேலைக்குப் போகும்போது பழைய போனில் விட்டுப்போனது. பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. கீழே தமிழில் எழுத்து ஓடும்.

எழுத்து தெரியாத காலத்திலேயே அவள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்தாள். பிடித்த கதையை மத்தியானச் சோற்றோடு சித்தாள்களுக்குப் பரிமாறினாள். கல் சுமந்த கழுத்துகள் அந்த அரைமணி நேரம் வலியை மறந்தன.

வெள்ளைமுடிக்காரன் அண்ணன். சிவப்புத் துண்டுக்காரி தங்கச்சி. சின்ன வயதில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். மலை மலையாய் அலைந்து தங்கச்சியைத் தேடுகிறான்.

அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாக்கியம் போன வாரம் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். பதினொரு வருஷமாய்ப் பேச்சில்லாத அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். அன்றிலிருந்து பாக்கியம் சாந்துச் சட்டியைப் பாட்டோடு தூக்குகிறாள்.

கதை சொல்கிறவளோ எட்டு மாதமாய் எழுத்துப் படிக்க மாலை வகுப்புக்குப் போகிறாள்.

நேற்றுத்தான் முதல் தடவையாக அந்தக் கீழெழுத்தைப் படித்தாள். ஓடுகிற படத்தை விரலால் நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டி. வெள்ளைமுடிக்காரன் சிவப்புத் துண்டுக்காரியிடம் சொல்கிறான்:

உன் அப்பனைக் கொன்றவன் நான்தான். உன்னையும் விடமாட்டேன்.

மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதேதான் இருந்தது.

அண்ணனும் இல்லை. தங்கச்சியும் இல்லை.

தூணில் சாய்ந்து சவரிமுத்துக் கொத்தனார் போனில் சுட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் பூராவும் துப்பாக்கி விளையாட்டுதான் அவருக்கு.

"இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீக?" என்றாள் பாக்கியம்.

"ஏழு."

"எங்களைக் கொல்றது பத்தாதுன்னு."

சவரிமுத்து பத்தாவது வரை படித்தவர். காலையில் சாந்து கேட்கும்போதே எல்லார் காதிலும் விழ அவளிடம் சொல்லிவிட்டார்.

"டீச்சரம்மா, நீ சொல்ற படத்தை நானும் இறக்கிப் பாத்துட்டேன். முழுசா."

சாந்துச் சட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து அவள் அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

"என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?"

அவள் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். காது மடலில் சிமென்ட் ஒட்டியிருந்தது.

"வந்துட்டான்," என்றாள்.

பாக்கியம் மூச்சை விட்டாள். விட்டவள், தூண் பக்கம் திரும்பினாள்.

"நெசமா கொத்தனாரே? நீங்களும் பாத்தீகளாம்ல."

துப்பாக்கிச் சத்தம் நின்றது.

அவள் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்ததையே பிசைந்தாள்.

சவரிமுத்து அவளைப் பார்த்தார். அப்புறம் பாக்கியத்தைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வந்தான். ஆனா வாசல்லயே நின்னுக்கிட்டான். உள்ள வரக் கூச்சம். அந்தப் புள்ளதான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சு."

"பெறகு?"

"பெறகென்ன. உக்கார வச்சுச் சோறு போட்டுச்சு."

"என்ன கொழம்பு?"

"கோழி," என்றாள் அவள்.

"மீனு," என்றார் சவரிமுத்து, அதே நேரத்தில்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாக்கியம் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஆக்கியிருப்பா," என்றாள்.