முப்பது திரையில் ஒரு கட்டடம்

"இன்ஸ்பெக்‌ஷன் கார் கேட்டாண்ட வந்துகினு கீது மேடம்! இன்னும் ஆறு மவுஸ் பாக்கி!"

லேப் அட்டெண்டர் யேசுதாசன் வாசலில் நின்று கத்தினார். விரிவுரையாளர் சித்திகா மேசைக்கு மேசை குனிந்து, கணினிகளுக்குப் பின்னால் கையை விட்டு மவுஸ் ஒயர்களை உருவிக்கொண்டே ஓடினாள்.

தாம்பரத்தை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில், முப்பது திரைகளிலும் ஒன்பது மாடி மருத்துவமனை ஒன்று தூண் தூணாக எழும்பிக்கொண்டிருந்தது. தரையில் கட்டுமுன் கட்டடத்தைக் கணினியில் கட்டிப் பார்க்கும் 'பிம்' பாடம். மாணவர்களே கட்டுவது போலத்தான் தெரிந்தது.

அத்தனையும் வீடியோ. மென்பொருள் கேட்டு சித்திகா கொடுத்த மூன்று கடிதங்களும் நிர்வாகத்தின் அலமாரியில் தூங்கின. எவனாவது கை தவறி மவுஸை அமுக்கிப் படம் நின்றால் மானம் போய்விடும். அதற்குத்தான் இந்த ஒயர் உருவல்.

"மவுஸைச் சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க, போதும்" என்றாள், சுவரைப் பார்த்து.

இறுதியாண்டு துர்கா விடவில்லை. "மேடம், போன வாரம் இன்டர்வியூல ஒரே ஒரு சுவர் போட்டுக் காட்டுன்னாங்க. நான் பிளே பட்டனைத் தேடினேன். ரூமே சிரிச்சுது."

சித்திகாவுக்குக் காது மடல் சுட்டது. பதில் சொல்வதற்குள் பல்கலைக்கழகம் ஆய்வுக்கு அனுப்பிய வேறொரு கல்லூரிப் பேராசிரியர் தனசேகர் நுழைந்துவிட்டார். பின்னாலேயே பிரின்சிபால், பல்லெல்லாம் தெரிய.

தனசேகர் திரைகளைப் பார்க்கவே இல்லை. நேராகத் துர்காவின் மேசைக்குப் போய் மவுஸை வாங்கி மல்லாத்தினார். அடியில் சிவப்பு வெளிச்சம் இல்லை. ஓசைப்படாமல் திரும்ப வைத்தார்.

"பிரின்சிபால் சார், நீங்க போய் ஃபைல்களை எடுத்து வைங்க. பசங்களும் கிளம்பட்டும். மேடம் மட்டும் இருங்க."

அறை காலியானது. யாருமில்லாத நாற்காலிகளுக்கு எதிரே ஆறாவது மாடி எழும்பியது.

'லைசென்ஸ் ரெனியூவல்ல இருக்கு சார்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேலை தப்பிக்கும். ஆனால் துர்காவைப் பார்த்துச் சிரித்த அந்த அறை, சித்திகாவின் காதுக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வீடியோ சார். நாலு வருஷமா எல்லா பேட்சுக்கும் இதான். ஒரு பிள்ளைக்கும் ஒரு சுவர் போடத் தெரியாது. டீச்சர்னு சொல்லிக்கவே கூசுது. உள்ளதை அப்படியே எழுதுங்க சார். என் வேலை போனாலும் போகட்டும். நீங்க எழுதினாத்தான் நிர்வாகத்துல சாஃப்ட்வேர் வாங்கித் தருவாங்க."

தனசேகர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து படிவத்தில் விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சித்திகா எட்டிப் பார்த்தாள்.

'ஆய்வகம்: மிக நன்று.'

அவள் திகைத்து நிமிர்ந்தாள். தனசேகர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். கண்கள் தரையில் கிடந்தன.

"அந்த வீடியோவை இதுல காப்பி பண்ணிக் குடுங்கம்மா... வியாழக்கிழமை எங்க காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன்."