மஞ்சள் பனியன்

பேக்கரிக்காரர் ஓடிப் பரிசு எதுவும் வாங்கியவரில்லை. வாங்கியதெல்லாம் வலித் தைலம்தான். ஆனாலும் வருடாவருடம் ஊர் ஓட்டத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிடுவார். போன வருடம் தன் கடையைத் தாண்டும்போது கூட்டத்திலிருந்து யாரோ "போ!" என்று கத்தவும், உச்சி குளிர்ந்துபோய் வேகத்தைக் கூட்டினார். அடுத்த திருப்பத்தில் கால் பிசகி விழுந்தார். முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது.

"நடக்கலாம். ஓட்டத்த மறந்துடுங்க" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

ஊன்றுகோலை விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. இந்த வருடம் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் நீலப் பனியன். நடுவே ஒரே ஒரு மஞ்சள்.

"போன வருஷ பனியன மாட்டிக்கிட்டு வர்றாரு பாருங்க ஒருத்தர்" என்று சிரித்தாள். "உங்கள மாதிரியே தோளத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு."

பேக்கரிக்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். தினமும் கண்ணாடியில் பார்த்து அவர் சவரம் செய்கிற முகம்.

"போகாத!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். முதல் எழுத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் கைதட்டலில் அமுங்கிப்போயிற்று. மஞ்சள் பனியன்காரர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, உற்சாகமாக வேகத்தைக் கூட்டினார்.

திருப்பத்தில் கூட்டம் "ஐயோ!" என்றது.

மனைவி தெருவில் இறங்கி எட்டிப் பார்த்தாள். "கீழ விழுந்தவங்க யாரையும் காணோமே!"

அவர் அங்கே பார்க்கவில்லை. கால்சட்டைக்குள் முட்டி வீங்க ஆரம்பித்திருந்தது.