எண்பத்தேழு பற்கள்

இன்னொரு தடவை எண்ணினாலும் எண்பத்தேழுதான் வரும், அவர் முறைக்கிறார் என்பதற்காக ஒரு பல்லாவது கூடிவிடுமா என்ன? நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் நினைத்துக்கொள்கிறாள். சன்னல் வழியே சாய்கிற மதிய வெயில் ஊசியில் நிற்கும் வெட்டுக்கிளியின் மேல் விழுந்து, அதன் சிறகை இளம் இலையாக்குகிறது. உடம்பைவிட நீண்ட உணர்கொம்புகள் அவள் மூச்சுக்கு அசைகின்றன. விரித்து வைத்த இடது சிறகின் அடியில், உரசிப் பாடுவதற்கென்றே அமைந்த நரம்பில், ரம்பம்போல் அந்தப் பற்கள். அறையெங்கும் அந்துருண்டை வாசம். அருகில் துறைத்தலைவர் தன் புத்தகத்தை விரித்துப் பிடித்து நிற்கிறார். இது பிடிபட்ட காட்டில் இருப்பது அவர் கண்டுபிடித்த ஓரினம் மட்டுமே, அதற்கு நூற்றிருபது பற்கள் என்கிறது அது. மறுபதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது.

“ஏம்மா, பூச்சிக்கெல்லாம் பல் டாக்டர் ஆயிட்டியா? இதுவும் என் இனம்தான்னு சீட்டுல எழுதி ஒரு கையெழுத்தப் போடு.”

“இது பாடுறதே வேற மாதிரி சார். காட்டுல நானே கேட்டேன்.”

“பாட்டுக் கேக்கவா உனக்குச் சம்பளம்? அடுத்த வருஷமும் இந்த மேசை வேணுமா, வேணாமா?”

மூடி கழற்றிய பேனாவை நீட்டுகிறார். அவள் அதை வாங்காமல் வெட்டுக்கிளியை ஊசியோடு எடுத்து, அவர் தன் இனத்துக்கென்று திறந்து வைத்திருக்கும் பெட்டியைத் தாண்டி, காலிப் பெட்டியொன்றின் நடுவில் குத்தி நிறுத்துகிறாள். பிறகு பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவரிடமே திருப்பித் தருகிறாள்.

“இதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கல சார். உங்க இனம்னு நான் எழுதமாட்டேன்.”